மாஸ்டர் இருதயராஜின் ஒரே விடுமுறை

ராயபுரம் மேம்பாலத்தில் பஸ் நகராமல் நின்றிருந்தபோது செய்தி வந்தது. கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் சேகர் போட்டிருந்தார். மாஸ்டருக்குக் காலையில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரத் தொடங்கின. "தங்கமான மனிதர்." "எங்கள் தெய்வம்." "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்." கடைசி வரியை எழுதியவர் யாரென்று பார்த்தேன். எங்கள் முதலாளி. மாஸ்டர் கத்துவதைத் தாங்க முடியாமல் தன் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டவர். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

முப்பதாம் நாள் திருப்பலிக்குக் கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும், நம்மில் படித்தவள் நான்தான் என்று எல்லோரும் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் நான் பார்த்த மனிதரைத்தான் எழுதுவேன்.

அவரை அறியாத உறவினர் சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் இறங்கி அவற்றைச் சுரண்டும் டைவர்களுக்கு இருதயராஜ் தலைவர். அதனால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நான் திருவொற்றியூர் அலுவலகத்தில் அவர்களுடைய அனுமதிச் சீட்டுகளைப் பார்ப்பவள்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், இறங்க வேண்டிய கப்பலின் பெயரைச் சொல்ல முற்றத்துக்குப் போனேன். என் குரல் சின்னது.

"இன்னாமே, கொசு கத்துதா? அப்பால போய் நின்னு சொல்லு" என்றார். தள்ளிப் போய்ச் சொன்னேன். "இன்னும் அப்பால." இப்படியே என்னைக் கேட் வரைக்கும் பின்னால் நடக்க வைத்தார். அங்கிருந்து நான் தொண்டை கிழியக் கப்பல் பெயரைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். "டிகிரி வாங்கிக்கீது, தொண்டைய வாங்கல" என்றார். அன்றிலிருந்து என் பெயர் டிகிரி. என் அப்பா சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றி இறக்கி வாங்கிக் கொடுத்த டிகிரி அது. மாஸ்டர் வாயில் அது வசவாக இருந்தது.

சேகர், உங்களையும் சொல்ல வேண்டும். மாஸ்டர் தண்ணீருக்குள் இருக்கும்போது அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மேலே பிடித்திருந்தவர் நீங்கள். ஒரு நாள் அவருடைய ரெகுலேட்டரை, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் அந்தக் கருவியை, நல்ல எண்ணத்தில் கழுவி வைத்தீர்கள். ஒருவர் வாயில் வைப்பதை இன்னொருவர் தொடக் கூடாது என்பது நம் இடத்தில் வழக்கம். சரி. அதற்காக யாரும் கூட வேலை செய்பவரின் டிபன் பாக்ஸைக் கடலில் எறிவார்களா? அவர் எறிந்தார். "என் மூச்சு இதுல கீது. இத தொட்டா என் தொண்டைய புடிச்ச மாதிரி" என்றார். அன்று மதியம் நீங்கள் பன்னும் டீயும் சாப்பிட்டீர்கள். இப்போது தெய்வம் என்று எழுதுகிறீர்கள்.

இந்த மனிதர்தான் சென்ற வருடம் தன் கல்யாண நாளுக்கு அந்தமான் போக முடிவெடுத்தார். மணலில் உட்கார அல்ல, முங்குவதற்கு. அதுவும் தன் சொந்தச் சாமான்களோடு.

துறைமுகத் தண்ணீரில் கண்ணுக்கு நேராக வைத்த கையும் தெரியாது என்று டைவர்கள் சொல்வார்கள். எண்ணெயும் சேறும் கலந்த இருட்டு. எல்லாம் தடவித் தடவிச் செய்யும் வேலை. இத்தனை வருடம் கடலுக்குள் இருந்தும் அவர் அங்கே எதையும் பார்த்ததில்லை. யாரோ அனுப்பிய வீடியோவில் நீலத் தண்ணீரையும் மீன்களையும் பார்த்துவிட்டு, "சாவறதுக்குள்ள ஒரு தபா இத நேர்ல பாக்கணும்" என்றார். ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்தது. முடியுமா என்று கேட்கவில்லை. "டிகிரி, டிக்கெட் போடு" என்றார்.

அவர் மனைவி பிலோமினா அக்கா அலுவலகத்துக்கே வந்து புலம்பினார். "லீவுன்னா மனுசன் கடல உட்டுட்டு போவான். இந்த ஆளு கடலுக்கே போறாரு. நான் கரையில குந்திகினு கயிறு புடிக்கணுமாம்!" முதலாளி தன் பங்குக்கு, "தினம் அதத்தானய்யா செய்ற, அதுக்கு எதுக்கு லீவு?" என்றார்.

விமானக் கம்பெனிக்கும் அந்தமானில் இருந்த டைவிங் கடைக்கும் போன் செய்து செய்து நான் விவரம் சேர்த்தேன். ரெகுலேட்டர் அடிபடாமல் கையோடு வர வேண்டும். கத்தி பெட்டிக்குள் போக வேண்டும். டார்ச்சின் மாற்று பேட்டரி பெட்டிக்குள் இருக்கவே கூடாது. சிலிண்டரும், உடலை அமுக்க இடுப்பில் கட்டும் ஈயமும் அங்கேயே தருவார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் பெட்டியை அலுவலகத் தராசில் வைக்கச் சொன்னேன். திறந்து பார்த்தால் வேலைக்குப் போவதுபோலக் கட்டி வைத்திருந்தார்.

"மாஸ்டர், சிப்பி சுரண்டற தகடு எதுக்கு? அங்க கப்பல் இல்ல."

"உன்ன கேட்டனா?"

"ஈயத்தையாவது எடுத்துடுங்க. பிளேன்ல எடை தாங்காது. அங்கயே குடுக்கறாங்க."

"எவனோ கட்டுன பெல்ட்ட நான் கட்டணுமா? ஈயம் இல்லாம முங்கறதுக்கு நான் இன்னா காத்தாடியா?"

நான் பெல்ட்டை வெளியே எடுத்து வைத்தேன். அவர் உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தேன். அவரோடு வந்து உட்கார்ந்திருந்த பிலோமினா அக்கா எழுந்து வந்தார். "இத பாரு, ஈயம் வந்தா நான் வரல. நான் வந்தா ஈயம் வரக் கூடாது. எது வேணும் சொல்லு." மாஸ்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. பிறகு பெல்ட்டை மூலையில் எறிந்துவிட்டு வெளியே போனார்.

டைவிங் கடைக்காரரோடு ஒரு முறை அவரே பேசினார். "அங்கிள், போர்ட்ல முங்கறது வேற, இது வேற. இந்த மாதிரி டைவிங் படிச்சதுக்கான கார்டு உங்ககிட்ட இல்ல. எங்க ஆள் உங்க கையப் புடிச்சுதான் கூட்டிட்டுப் போவாரு. கரையோரம் ஒரு டெஸ்ட். அதுல பாஸானாதான் படகுல ஆழத்துக்கு. கயிறெல்லாம் கிடையாது." மாஸ்டர் போனை என் மேசைமேல் எறிந்தார். "என் கைய புடிப்பானாம்!" அன்று முழுவதும் எதிரே வந்தவர்களை எல்லாம் கடித்தார். ஆனால் டிக்கெட்டை ரத்து செய் என்று மட்டும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். சொந்த ரெகுலேட்டரைக் கொண்டுவரலாம், ஆனால் சர்வீஸ் செய்த சான்று வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். அதையும் வாங்கி அனுப்பினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது.

"டிகிரி! இன்னா எடத்துக்குமே என்ன அனுப்ச்ச?"

"இன்னாச்சு மாஸ்டர்?"

"எல்லாம் தெரியுதுமே."

"அதுக்குத்தான போனீங்க?"

"கரையோரம் பாஸாயிட்டேன். படகுல போனா அடி தெரியுது. கீழ எவ்ளோ தூரம்னு தெரியுது. மொட்டை மாடி ஓரத்துல நின்னுகினு எட்டிப் பாக்கற மாதிரி கீது. காலு உதறுது. ரெண்டு தபா பாதியில மேல வந்துட்டேன். நாளிக்கு ஒரு சான்ஸாம். அப்பவும் வந்துட்டேன்னா மூட்டைய கட்ட சொல்றான்."

அவர் பயந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேட் வரைக்கும் பின்னால் நடந்த பெண்ணுக்குச் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"போர்ட்ல எப்படி மாஸ்டர் இறங்குவீங்க?"

"இன்னா கேள்வி இது? ஒண்ணும் தெரியாமத்தான் இறங்குவேன். கைக்கு ஏதாவது பட்டா நின்னுக்குவேன்."

"அப்ப அங்கயும் கண்ண மூடிக்கினு இறங்குங்க. அந்த ஆளுதான் கையப் புடிச்சிருக்காரே. கீழ கை பட்டதும் தொறங்க."

"கேக்கல. சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னேன்.

"லூசா நீ?" என்று வைத்துவிட்டார்.

ஊர் திரும்பி அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கையைப் பிடிக்க வந்தவனுக்குத் தானே வேலை கற்றுக்கொடுத்ததாகச் சொன்னார். டிகிரி மட்டமான கடையாகப் பார்த்துப் போட்டுவிட்டாள் என்றார். என்னிடம் நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வாரமே முற்றத்தில் என்னைக் கத்த வைத்துச் சிரித்தார். இப்போது சர்ச் தெருவில் கட்டியிருக்கும் பேனரில் "பயம் அறியாதவர்" என்று போட்டிருக்கிறீர்கள். அறிந்தவர். அறிந்த பிறகும் மறுநாள் காலையில் இறங்கப் போனவர். பேனருக்கு நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் போடச் சொல்லியிருப்பேன்.

அந்தமானில் அந்தக் காலை இறங்கிவிட்டு, மதியம் அவர் எனக்கு மறுபடி போன் செய்தார். இது பிலோமினா அக்காவுக்குக்கூடத் தெரியாது. முதலில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மீனுங்கமே" என்றார். "மூஞ்சி கிட்டக்க வந்து நிக்குதுங்க. ஒண்ணுகூட, ஒண்ணுகூட என்னப் பாத்து பயப்படலமே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டு தலைகுனிந்து நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும். அன்று அதில் யாரும் மாட்டியிருக்கவில்லை. வெகுநேரம் சிரித்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஒரு சிரிப்பை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.