கோவளத்தில் மூன்று கோடைகள்

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் தபீதாள் டீச்சர் ஓவியம் கற்றுக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1984இல் பல்லாவரம் பக்கத்துக் கல்குவாரிகளில் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்துக்காரர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர்களுடைய பெண்கள் ஐந்தாறு பேர் டீச்சரின் வகுப்பில் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்காரவே பயந்தார்கள்.

அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான், அடுத்த மே மாதம் கோவளத்தில் திருச்சபைக்குச் சொந்தமான ஓய்வு இல்லத்தைக் கேட்டு வாங்கி ஐந்து நாள் முகாம் நடத்தினார். சங்கத்துக்காரர்களின் வீடுகளிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். களிமண், காகிதக்கூழ் முகமூடி, பாட்டு, கடைசி நாள் ஒரு நாடகம். அங்கே எவரும் எவரையும் "உங்கப்பா எங்க?" என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் தெரியும்.

ஜெயக்கொடிக்கு அப்போது ஒன்பது வயது. சங்கச் செயலாளர் கேசவனின் மகள். அப்பாவைப் போலீஸார் வீட்டு வாசலில் போட்டு அடித்ததைப் பார்த்த நாளிலிருந்து அவள் வெளியாரிடம் பேசுவதில்லை. முதல் வருஷ முகாமில் ஒரு மூலையில் களிமண்ணை உருட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வருஷம் கூட்டத்தோடு சேர்ந்து பாடினாள். மூன்றாம் வருஷம், நாடகத்தில் நீதிபதி வேஷம் தனக்குத்தான் வேண்டும் என்று அவளே வந்து கேட்டாள்.

"எங்கப்பா பாக்கணும் டீச்சர்" என்றாள்.

ஜாமீனில் வந்திருந்த கேசவன், புது வழக்கு ஒன்றில் மூன்று மாதமாகத் தலைமறைவு. முகாமில் சமைக்க வந்திருந்த அவர் மனைவி பச்சையம்மாவுக்கு இடம் தெரியும்.

"நான் கூப்ட்டா வராது டீச்சர். நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க, அனுப்புறேன்."

டீச்சர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு எழுதினார்: "ஞாயிறு மாலை நான்கு மணி. குழந்தை பேசுகிறாள். வந்து கேளுங்கள்."

கேசவன் வந்தார். மீன் வாங்க வந்தவரைப் போலக் கூடையும் கையுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஜெயக்கொடி மேசையைத் தட்டித் தீர்ப்புச் சொன்னாள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

"என் பொண்ணா டீச்சர் இது? இன்னா கொரலு!" என்றார் கேசவன். மகளைக் கட்டி அணைத்துக்கொண்டார். பொழுதிருக்கவே கிளம்பிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் அவரை வேனில் தள்ளி ஏற்றியதை மீன் விற்ற பெண்கள் பார்த்தார்கள். போலீஸார் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் தேங்கிய ஒரு பழைய குவாரிப் பள்ளத்தில் உடல் மிதந்தது. தவறி விழுந்ததாக எழுதி முடித்தார்கள். அந்தக் கடிதம் யார் கண்ணில் பட்டது, யார் சொன்னது என்பது கடைசிவரை தெரியவில்லை.

"ஒங்களக் குத்தம் சொல்லல. ஆனா இனிமே எம்பொண்ண எங்கியும் கூப்டாதீங்க" என்றாள் பச்சையம்மா. ஜெயக்கொடி பள்ளிக்கு வருவது நின்றது.

மறு வருஷமும் டீச்சர் இல்லத்தைக் கேட்டு வாங்கினார். வண்ணக் காகிதம், பசை எல்லாம் வாங்கி வைத்தார். ஒரு பிள்ளைகூட வரவில்லை. இரண்டு நாள் காத்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

1993 மே மாதம். தாம்பரம் சானடோரியம் பகுதியில், ஏற்றுமதித் துணி கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் கூட்டத்தில் டீச்சர் அவளை அடையாளம் கண்டார்.

"கொடி!"

அவள் நின்றாள். "நல்லாக் கீறீங்களா டீச்சர்?"

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா. அந்த லெட்டரை நான் எழுதியிருக்கக் கூடாது."

"எழுதினது நீங்க. அப்பா வரணும்னு கேட்டது நான்தானே டீச்சர். நான் வாயத் தொறக்காமலே இருந்திருந்தா அவரு வந்திருக்கவே மாட்டாரு."

"அப்படிச் சொல்லாதே. நீ குழந்தை."

"வூட்ல அம்மா காத்துகினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

ஆறு வருஷமாக அந்தப் பாரம் தன்னுடையது மட்டும் என்றே டீச்சர் நினைத்திருந்தார். அவளும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள், அது அவள் தப்பில்லை என்று சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டைத் தேடிப் போனார். பூட்டியிருந்தது. குன்றத்தூர்ப் பக்கம் குடிபோய்விட்டார்கள் என்றார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி வாசலில், அவள் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் குன்றத்தூரில் தெருத் தெருவாக விசாரித்தார். பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிட்டது; தேடுவது அதோடு நின்றது.