இதயத்துக்கு நான், எலும்புக்கு அவள்

பதற்றம் வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் திட்டும்போது சிரித்து, அதற்காக மறுபடி திட்டு வாங்கியிருக்கிறேன். கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்தில் தோள் குலுங்கியதைப் பார்த்து, பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று என் மாமியார் வீட்டார் உருகிப்போனார்கள். இப்படிப்பட்டவள் அறுவை சிகிச்சை உதவியாளராக வேலைக்குப் போனேன். நல்லவேளையாக அங்கே முகக்கவசம் உண்டு.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் குடலிறக்கம், குடல்வால், பித்தப்பை என்று பொது அறுவை அரங்கில் பல வருஷம் நின்றேன். கத்தியை எடுத்துக் கொடுப்பது, சதையை விலக்கிப் பிடிப்பது, கடைசியில் தோலைத் தைப்பது என் வேலை. பிறகு ஒருநாள் இதய அரங்கில் ஆள் குறைவு என்று என்னை அனுப்பினார்கள். திறந்த நெஞ்சுக்குள் அது துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சிரிப்புக்கூட வரவில்லை. வெளியே வந்ததும் என் தோழியிடம் சொன்னேன், இனி எனக்கு இங்கேதான் வேலை என்று.

தோழி எலும்பு அரங்கில் வேலை செய்பவள். நானும் அவளும் ஆம்பூர். தினமும் ஒரே ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து பஸ் பிடிப்போம். என்னைவிடச் சின்னவள், அக்கா என்பாள். இதய அரங்கில் நிரந்தரமாக நிற்க வேண்டுமானால் அந்தத் துறைக்கென்று தனிச் சான்றிதழ் வேண்டும், வேலை பார்த்துக்கொண்டே படித்துத் தேர்வு எழுதலாம் என்று விசாரித்து வந்து சொன்னதே அவள்தான். எலும்புக்கும் அப்படி ஒன்று இருந்தது.

"நீ இதயம் எடு, நான் எலும்பு எடுக்கிறேன்" என்றாள், பிரியாணியில் துண்டு பிரிக்கிற மாதிரி. "ஒண்ணா படிச்சா பேஜார் கம்மி அக்கா."

பேஜார் கம்மியாகவில்லை. ஆனால் அப்படி ஒரு குஷியான காலம் அதற்கு முன் எங்களுக்கு வாய்த்ததில்லை.

அவள் ஒரு பிளாஸ்டிக் தொடை எலும்பை இரவல் வாங்கி வைத்திருந்தாள். கைப்பையில் முழுசாகப் போகாது, முழங்கால் பக்கத்து முண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் ரயிலில் எதிரே இருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் பேரப்பிள்ளையை இழுத்து அந்தப் பக்கம் உட்கார வைத்துக்கொண்டார். மறுநாள் பயம் தெளிந்து, அது என்ன, எந்த இடத்து எலும்பு என்று கேட்டார். தோழி விளக்கினாள். மூட்டு இங்கே தேயும், இங்கே தகடு வைப்பார்கள், ஆணி இப்படி இறங்கும் என்றாள். பக்கத்தில் கூடையோடு இருந்த பூக்காரம்மா தன் முழங்காலை நீட்டி, "இதுலயும் அதே எலும்புதானா பாரு" என்றார். அதோடு பெட்டி முழுக்க முழங்கால்கள் நீண்டன. குடியாத்தம் வருவதற்குள் தோழி ஒவ்வொருவருக்கும் எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி முடித்திருந்தாள். ஒரு வாரத்தில் எங்களுக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்தார்கள். எனக்குத்தான் மரியாதை குறைவு. இதயத்தை யாரும் எடுத்துக் காட்ட முடியாதே.

எனக்குத் தேவைப்பட்டது ஆட்டு இதயம். ஆம்பூர் கடைத்தெருவில் எங்களுக்கு வழக்கமாகக் கறி போடும் பாயிடம் போய், கீறல் படாமல் முழுசாக வேண்டும் என்றேன். சூப்புக்கா என்று கேட்டார். தைக்கிறதுக்கு என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இலையில் சுற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் போனபோது கடையில் கூட்டம். என்னைக் கண்டதும் மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "போன வாரம் தச்சது பொழச்சிதா?"

காலாவதியான தையல் நூல் பாக்கெட்டுகளைப் பயிற்சிக்கென்று மருத்துவமனையில் கொடுத்தார்கள். மெல்லிய நீல நூல், பிறை மாதிரி வளைந்த ஊசி. சமையல் மேடையில் தாம்பாளத்தை வைத்து அதில் இதயத்தைக் கிடத்தி, கிழித்துத் தைப்பேன், பிரித்துத் தைப்பேன். கடைசியில் நூலையெல்லாம் உருவிவிட்டு மிளகு போட்டு வறுத்துவிடுவேன். ஒருமுறை ஒரு நூல் தப்பிவிட்டது. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து நீளமாக ஒரு நீல நூலை உருவி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரிஜெக்ட்" என்றார்.

அவர் ஷூ கம்பெனியில் தையலைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் முதலில் புரட்டித் தையலைத்தான் பார்ப்பார். எனக்காக மெத்தென்ற உள்தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். நான் அதில் தைத்து வைத்தால், அளவுகோலோடு உட்கார்ந்து இடைவெளியை அளந்து, இங்கே தளர்ந்திருக்கிறது, இன்னும் இறுக்கு என்பார். அவர் சொன்ன மாதிரி இறுக்கித் தைத்து எடுத்துப்போய் எங்கள் அறுவை மருத்துவரிடம் காட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, செருப்புக்கு அருமையான தையல், மனுஷன் கால் வீங்கும்போது இந்த இறுக்கத்தில் சதை செத்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் கணவர் யோசித்தார். மனிதர்கள் வீங்குவார்கள் என்பது அவர் கம்பெனி விதிமுறையிலேயே இல்லாத விஷயம். அன்றிலிருந்து அளவுகோலை வைத்துவிட்டு, நான் முடிச்சுப் போடும் வேகத்தை மட்டும் ரசித்துக்கொண்டிருந்தார்.

தேர்வு ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் இதயம். என்னைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஒரு மருத்துவர் வந்திருந்தார். இஸ்திரி போட்ட கோட்டும் தடித்த கண்ணாடியுமாக, சிரித்தே பழக்கமில்லாத முகம். இதயத்தில் அடைத்துப்போன பாதைக்கு மாற்றுப் பாதை போட, காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்துத் தயார் செய்து கொடுப்பது உதவியாளரின் முக்கியமான வேலை. அதைத்தான் செய்து காட்டச் சொன்னார். தட்டில் ஒரு விலங்கின் குழாய். அதன் ஒரு முனையை மூடி, மறுமுனை வழியாக உப்புநீரைச் செலுத்தி, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்த்து, ஒழுகும் இடத்தைக் கட்ட வேண்டும்.

நான் நீரைச் செலுத்தினேன். குழாய் அழகாக உப்பியது. எங்கேயும் ஒழுகவில்லை என்று நினைத்தேன். அவர் இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிந்தார். கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னக் கிளையிலிருந்து உப்புநீர் நூல்போலப் பீய்ச்சி, நேராக அவருடைய கண்ணாடியில் அடித்தது.

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முகக்கவசத்துக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டேன். கூடத்தின் அந்தப் பக்கம் தோழி எலும்பும் துளைக்கருவியுமாக நின்றவள், முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. நீர் சொட்டச் சொட்டச் சொன்னார்:

"லீக் எங்கேன்னு இப்போ ரெண்டு பேருக்கும் தெரியும். கட்டுங்க."

கட்டினேன். மறுபடி நீர் செலுத்தினேன். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாய்மொழிக் கேள்விக்கு வந்தார். காலில் குழாயை எடுக்கும்போது அது கிழிந்துவிட்டால் முதலில் என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். படித்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான் படித்தேன். பதில் மட்டும் ஆம்பூரிலிருந்து வந்தது.

"மொதல்ல கத்த மாட்டேன் சார். வெரல வச்சி அமுக்குவேன். அப்புறம் மறைக்காம சொல்லிடுவேன்."

அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். அவர் வாயோரம் லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று சொல்ல நான் எந்த நீதிமன்றத்திலும் தயார்.

முடிவு வந்தபோது நான் அறுவையின் நடுவில் இருந்தேன். ஒரு கையால் சதை விலக்கும் கருவியைப் பிடித்திருந்தேன், மறு கையில் மருத்துவர் தைக்கும் நூலைத் தளராமல் இழுத்துக்கொண்டிருந்தேன். கையுறை போட்ட பிறகு மூக்கு அரித்தால்கூடச் சொறியக் கூடாது. என் கைப்பேசி வெளியே மேசையில் இருந்தது. சாமான் எடுத்துத் தரும் செவிலி உள்ளே வந்து, என் காதருகே குனிந்து, "அக்கா, பாஸ்" என்றாள்.

அவ்வளவு பெரிய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. கத்த முடியாது. கைதட்ட முடியாது. நூலைவிட்டால் தையல் தளரும். கால் விரல்களை மட்டும் செருப்புக்குள் மடக்கி மடக்கி ஆடினேன். மருத்துவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கேட்டுது. இப்போ அசையாதீங்க. மூடினப்புறம் குதிங்க."

மூடினோம். நோயாளி பத்திரமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன பிறகு வராந்தாவுக்கு ஓடினேன். எதிரே தோழி ஓடி வந்துகொண்டிருந்தாள். எலும்பு அரங்கில் எக்ஸ்ரேக்காகப் போடும் ஈய அங்கியைக் கழற்றக்கூட நேரமில்லாமல், அந்தக் கனத்தோடு யானைக்குட்டி மாதிரி குலுங்கிக் குலுங்கி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவளுக்கும் பாஸ். கட்டிப்பிடித்ததில் ஈயம் என் விலா எலும்பில் இடித்தது. வலித்த இடத்தைத் தடவிக்கொண்டே இருவரும் சுற்றினோம். துப்புரவு செய்துகொண்டிருந்த அம்மா, கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுற்றுங்கள், தரை ஈரம் என்றார்.

அன்று மாலை ரயிலில் எங்கள் முழங்கால் கூட்டம் மொத்தமும் ஏறியிருந்தது. எல்லோருக்கும் ஆற்காட்டு மக்கன் பேடா கொடுத்தோம். தேர்வில் தண்ணீர் பீய்ச்சிய கதையை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள், ஒவ்வொரு முறையும் தோழி எழுந்து அந்த மருத்துவர் குனிந்த விதத்தை நடித்துக் காட்டினாள். ஒரு கட்டத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் பலகையில் வாணியம்பாடி என்று எழுதியிருந்தது. ஆம்பூர் எப்போதோ போய்விட்டது. எங்களோடு இறங்க வேண்டிய பூக்காரம்மாவும் இறங்கவில்லை. மூன்று பேரும் குதித்து இறங்கினோம்.

வீட்டுக்குப் போன் செய்தேன். தாண்டிப் போய்விட்டோம், வாணியம்பாடியில் நிற்கிறோம் என்றேன். கணவர், "சரி, அங்கயே பிரியாணி சாப்ட்டு வா. பாஸானவங்க எங்க எறங்குனா இன்னா" என்றார். சாப்பிட்டோம். பூக்காரம்மா கூடையில் மிச்சமிருந்த மல்லியையெல்லாம் எங்கள் இருவர் தலையிலும் வைத்துவிட்டார். திரும்பிவந்த பஸ்ஸில் ஆளுக்கொரு கல்யாணப் பெண்ணைப்போல உட்கார்ந்திருந்தோம்.

சான்றிதழுக்குப் பிறகு வந்த முதல் நோயாளி பள்ளிகொண்டா பக்கத்து விவசாயி. அறுவைக்கு முன்னால் போய், உங்கள் காலிலிருந்து குழாய் எடுக்கப்போவது நான்தான் என்று முதல் தடவையாகச் சொன்னேன். அவர் வேட்டியை விலக்கி இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இடது கால எடுத்துக்க தாயி. வலது கால்ல வேல ஜாஸ்தி."

இடது காலில்தான் எடுத்தேன். கணுக்காலிலிருந்து மேலே ஒரே கோடு, இறுக்காமல், தளராமல். சில நாள் கழித்து அவர் எழுந்து நடக்கத் தொடங்கியதாகச் சொன்னார்கள். வார்டைக் கடந்து போகும்போது எட்டிப் பார்த்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்களைச் சுற்றி நிற்க வைத்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக் காலைக் காட்டிக்கொண்டிருந்தார். வரப்பு போட்ட மாதிரி எவ்வளவு நேராக இருக்கிறது பார் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் குனிந்து விரலால் தொடப் போனார். விவசாயி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

அந்த வார்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் அன்று சாயங்காலம்வரை அந்த வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தேன்.