அறை என்று ஒரு சொல்

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பதினான்கு வருடப் பழக்கம். பிளாஸ்டர் பொடி அப்பிய கட்டைவிரலைக் கைப்பேசிக்கு அடையாளம் தெரியாது. மேலங்கியில் இரண்டு முறை தேய்த்தால்தான் திறக்கும். கூடத்தில் அவள் பல் செட்காரி. ஒரு பாடகரின் ரசிகர் குழுவில், நாற்பதாயிரம் பேருக்கு, 'அட்மின் அக்கா'.

அந்தக் குழுவின் முதல் உறுப்பினர் ஓய்வுபெற்ற தட்டச்சர், எல்லோருக்கும் தட்டச்சம்மா. இருபது வயது மூத்தவர், ஆனாலும் அவரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். எழுத்தில் பிழை விடமாட்டார், ஆங்கிலம் கலக்கமாட்டார். "ரூம்னு எழுதினா விரல் தேஞ்சுடுமாம்மா?" என்று இவள் ஒருமுறை கிண்டல் செய்ததும் உண்டு.

மேடைக்குப் பின்னால், மைக் கொடுக்கும் வயதானவரைப் பாடகர் கன்னத்தில் அடித்த வீடியோ வெளியானது. குழுவில் வசை கொட்டியது. அவள் அழித்தால், அழித்ததைப் படமெடுத்துப் போட்டுக் கூத்தடித்தார்கள்.

பக்கத்து மேசையில் பல்லுக்கு மெருகேற்றுபவர் சும்மா இருப்பாரா? "என்னம்மா, உங்காளு கன்னத்துலயும் தாளம் போடுறாராமே?"

"நீங்க உங்க பல்லைப் பாருங்கண்ணே. வீடியோ பாதிதான் வந்திருக்கு."

"மீதியில முத்தம் குடுத்தாராக்கும்!"

அந்தப் பாதியையும் அவள் பார்த்திருக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு வழி கிடைத்தது: தடைச்சொல் பட்டியல். அதில் ஏற்றிய சொல் உள்ள எந்தப் பதிவும், எழுதியவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். சண்டைக்கு இடமில்லை. அறைஞ்சான், அறைஞ்சாரு, அறைஞ்சிட்டு என்று ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். அவள் எல்லாவற்றுக்கும் பொதுவான இரண்டெழுத்தை ஏற்றினாள்: அறை.

குழு அடங்கியது. தட்டச்சம்மாவும் காணாமல் போனார். அவரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தாள். போகிறவர் போகட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, அட்மின் மட்டும் திறக்கக்கூடிய பகுதியில் மறைந்து கிடந்த குப்பையைக் கழிக்க உட்கார்ந்தாள். வசைகளுக்கு நடுவே பிழையில்லாத வரிகள் கிடந்தன.

'இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனை அறையில் தனியாக இருக்கிறேன்.'

'என் அறைக்கு வெயில் வருவதில்லை. யாராவது அவருடைய பழைய பாட்டு ஒன்று போடுங்களேன்.'

'பக்கத்து அறையில் ஒருவர் இறந்துவிட்டார். பயமாக இருக்கிறது. யாரும் இருக்கிறீர்களா?'

'இந்த அறையைப் போலத்தான் நீங்களும். பதில் பேசுவதில்லை.'

அதன்பின் ஐந்து நாளாக ஒன்றுமில்லை. பொடிக் கையோடு வெளியே ஓடிப் போய் அழைத்தாள்.

"அம்மா, நான்தான். அட்மின்."

"ஓ. இருக்கீங்களா?" குரல் மெலிந்திருந்தது.

"நீங்க எழுதினது யார் கண்ணுக்கும் படலம்மா. ஒரு வார்த்தையைத் தடுத்து வச்சிருந்தேன். என் தப்பு."

"எந்த வார்த்தை?"

"அறை."

"நீங்க சொன்ன மாதிரி ரூம்னே எழுதியிருக்கலாம். அதை எதுக்குத் தடுத்தீங்க?"

"அது இல்லம்மா. வேற அறை." இதுவரை அவள் வாயால் சொல்லாதது. "மைக் குடுக்கிற பெரியவரை அவர் அறைஞ்சிட்டாராம்."

"நிஜமாவா? விழுந்து கிடந்ததுல எனக்கு ஒண்ணும் தெரியல."

"நான் பார்க்கல."

"பார்க்காமலே மூணு வாரமா மூடி வச்சீங்களா?"

தட்டச்சம்மா தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

வாசலிலேயே நின்று வீடியோவைப் போட்டாள். பதினொரு விநாடி. அடி வாங்கிய மனிதர் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த மைக்கைக் கீழே விடாமல் நின்றார்.

பட்டியலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தாள். குழுவில் எழுதினாள்: 'அறைந்தார். பார்த்தேன். மூடி வைத்தது நான்தான்.'

உள்ளே வந்து மெருகேற்றுபவரிடம் கை நீட்டினாள். "அண்ணே, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. நான் எழுதினது அடுத்தவங்களுக்குத் தெரியுதான்னு பார்க்கணும்."

தெரிந்தது. அதன்கீழே வசைகள் வரத் தொடங்கின, இந்த முறை அவளுக்கு. விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கைப்பேசியைத் திறந்தபடியே இருந்தாள். தட்டச்சம்மா மட்டும் எழுதவில்லை.