சிரிக்காத ஓட்டுநருடன் திருச்செந்தூர் சாலையில்

1999 டிசம்பரில், திருச்செந்தூரில் இருக்கும் என் பள்ளித்தோழிக்குக் கண் அறுவை நடந்தது. அவளைப் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து வாடகை அம்பாசிடரில் கிளம்பினேன். ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர்; போகவர அறுநூறு ரூபாய். ஓட்டுநர் வழக்கம்போல் சுடலைதான்.

என் கணவர் மறைந்தபின் பல ஓட்டுநர்களைப் பார்த்துவிட்டேன். வெற்றிலை, சினிமாப் பாட்டு, ஓயாத வாய். சுடலை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், புன்னகைகூடக் கிடையாது. கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது.

செய்துங்கநல்லூர் தாண்டினால் சாலையோரம் வாழைத்தோட்டங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் தேநீருக்கு நிறுத்தினோம். கிளாஸில் பழைய டீக்கறை. திருப்பிக் கொடுத்தேன்.

"இதுக்கு மேல கழுவணும்னா கிளாஸ ஆத்துக்குத்தான் அனுப்பணும்மா" என்றார் கடைக்காரர்.

"அனுப்புங்க. கூடவே போயி நீங்களும் குளிச்சிட்டு வாங்க."

சுடலை வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த கணம் தாடை தொங்கியது, முழங்கால்கள் மடங்கின, அவிழ்த்துவிட்ட மூட்டை மாதிரித் தரையில் சரிந்தார். மாரடைப்பு என்று அலறிவிட்டேன்.

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவே இல்லை. "பயப்படாதீங்கம்மா. சிரிச்சாம்னா இப்படித்தான் விழுதான். பைய எந்திரிச்சிருவான்."

எழுந்துவிட்டார். "நீங்க பேசுனது பூராம் கேட்டுச்சும்மா, கைகாலுதான் வரல. வண்டில சிரிக்கவே மாட்டேன்."

வழியில் அவர் அடிக்கடி கொட்டாவி விட்டது நினைவுக்கு வந்தது. "பகல்ல தூக்கம் வருமா?" என்றேன்.

"எந்நேரமும் வருது. தொடையக் கிள்ளிக்கிட்டே ஓட்டுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொதலாளிட்ட சொல்லிராதீங்கம்மா. ரெண்டு பொம்பளப்புள்ளைக. எனக்கு வேற தொழில் தெரியாது."

எத்தனை முறை இவர் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன்! காரை அங்கேயே விடச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன். தோழியிடம் என்ன பேசினேன் என்று இன்றும் நினைவில்லை.

அந்த வாரமே பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் சுடலையை அழைத்துப் போனேன். மூளையின் அடிப்பகுதியில் சில நரம்பணுக்கள் சின்னஞ்சிறு புரதத் துணுக்குகளைச் செய்தியாக அனுப்புகின்றனவாம். விழித்திரு என்பது அந்தச் செய்தி. எலியிலும் நாயிலும் அது தடைப்பட்டால் இதே நோய் வருகிறது என்று அண்மையில்தான் கண்டிருக்கிறார்கள். மனிதரிலும் அதுதானா என்பது இன்னும் உறுதியில்லையாம். அந்தச் செய்தி குறைந்தால் தூக்கத்தில் வரவேண்டிய தளர்ச்சி, சிரிப்பின் நடுவே வந்துவிடுமாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கை நம்பியா நாம் நிமிர்ந்து நிற்கிறோம்? மருத்துவர் மாத்திரை எழுதினார். வண்டி ஓட்டவே கூடாது என்றார்.

சுடலை என் முகத்தையே பார்த்தார். ஆனாலும் கார் உரிமையாளரிடம் நானே சொன்னேன். அவருக்குத் துளியும் வியப்பில்லை.

"ஊருக்கே தெரியும்மா. அதனாலதான் உங்களுக்கு அவன அனுப்புனேன். உங்க வண்டில சிரிப்புக்கு ஏது எடம்?"

சுடலைக்குக் கார்க் கொட்டகையிலேயே வண்டிகளை அனுப்பும் வேலை கொடுக்காவிட்டால் இந்தக் கதையை நான் தெருத்தெருவாகச் சொல்வேன் என்றேன். கொடுத்தார், சம்பளம் சற்றுக் குறைவு.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், ஸ்ரீவைகுண்டத்தில் கிளாஸைப் பார்த்து வாங்குங்கள். ஓட்டுநர் பேசாமல் வந்தால் மரியாதை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பகலில் கண் சொருகுமா என்று கேளுங்கள்.

சென்ற வாரம் கொட்டகைக்குப் போனேன். உரிமையாளரின் புது மீசையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். சுடலை சிரித்தார். முழங்கால் லேசாக மடங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே சிரித்து முடித்தார்.

உரிமையாளர் பக்கம் திரும்பி, "எங்கிட்டயும் சிரிப்புக்கு எடமிருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்டேன்.