பனி விழாத இடம்

தொண்ணூறுகளின் கடைசியில், கே.ஜி.கண்டிகை அருகே எங்கள் நிலத்தில் கிராவல் எடுத்த பள்ளத்தை அரிசி ஆலைச் சாம்பலால் நிரப்பி, மேலே ஏரி மண் பரப்பினோம். மார்கழியில் சுற்றிலும் புல் நனைந்திருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் காய்ந்து கிடந்தது. மாடு அதை மிதிக்கவேயில்லை.

"அம்மன் வந்து ஒக்காந்துகினு இருக்கா," என்றார் மாமியார்.

கற்பூரம் ஏற்ற இருவரும் வெறுங்காலோடு போனோம். தேங்காய் உடைக்க அந்த இடத்தில் ஒரு கருங்கல்லைப் போட்டேன். சத்தமில்லாமல் கல் உள்ளே இறங்கிவிட்டது. அந்த ஓட்டையிலிருந்து புகை வந்தது. அடியெடுத்து வைக்கப்போன மாமியாரைப் பிடித்து இழுத்தேன். அடியில் அணையாத சாம்பல் கனன்றுகொண்டிருந்திருக்கிறது.

பிறகு எல்லாவற்றையும் அள்ளிவிட்டு மண்ணாலேயே மூடினோம்.

"கல்ல எடுத்துக்கினு நம்மள உட்டுட்டா," என்று மாமியார் இன்றும் அங்கே கும்பிடுகிறார். நான் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரமிருந்தால்தான் கால் வைப்பேன்.