லிட்மஸ் கிடைக்காத பெஞ்சு

இன்று கெட்டிலில் படிந்த உப்புக்கறை போக வினிகர் ஊற்றினேன். வாடை எழுந்ததும், மர்பி டவுனில் இருந்த எங்கள் பள்ளி ஆய்வகம், இடித்துவிட்டு இப்போது கார்கள் நிற்கும் அந்த இடம், பழைய கோபத்தோடு திரும்பி வந்தது. கல் மேடை, கசியும் குழாய், நிறமற்ற திரவம் ஊற்றிய இரண்டு சோதனைக் குழாய்கள், எது தண்ணீர், எது வினிகர் என்று முகர்ந்தாலே தெரிந்துவிடும், இருந்தும் அறிவியல் டீச்சர் முன்வரிசைக்கு மட்டும் நீல லிட்மஸ் தாளைக் கொடுத்துவிட்டு, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளான எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கெல்லாம் லிட்மஸ் வேஸ்ட். நக்கிப் பார்த்துச் சொல்லுங்க."

என் பக்கத்திலிருந்த ஸ்டெல்லா வினிகர் முழுவதையும் குடித்தாள். கண்ணில் நீர் கொட்டியது; முகம் சுளிக்கவில்லை.

"தண்ணிதான் மிஸ். டவுட்டுன்னா நீங்களும் நக்கிப் பாருங்க."