மூன்று மிதியும் இரண்டு மிதியும்

எங்கள் தீவில் பழைய கார்ப் பைத்தியங்களுக்குள் இரண்டு மதம் உண்டு. ஒரு ஆணிகூட மாறக்கூடாது, கொம்பனியால் வந்தபடியே நிற்கவேண்டும் என்பது ஒன்று. ஓடினால் போதும், உள்ளே எந்த நாட்டு எஞ்சின் கிடந்தால் உனக்கென்ன என்பது மற்றது. நான் இரண்டாவது மதம். என் நண்பர் முதலாவதில் கடும் பக்தர். இருவரிடமும் ஒரே மாதிரியான ஏ-40 கார் இருந்தது. எழுபது வயது தாண்டிய, தவளை மூஞ்சிக் கார். கரம்பொனில் என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நாலு வளவுதான்.

என் காருக்குள் இருந்தது ஒரு ஜப்பான் வான் வண்டியின் எஞ்சின். கியரும் தானாக மாறும் ஓட்டோ. கிளச் கிடையாது, காலுக்கு இரண்டே மிதி. பழைய எஞ்சின் சண்டைக் காலத்தில் பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் குடித்துக் குடித்தே செத்துப்போனது. நான் அதற்குச் சாவுத் துடக்குக் காக்கவில்லை. காத்தது நண்பர்தான். முதன்முதலாக என் காரின் பொனற்றைத் திறந்து பார்த்த அன்று, செத்தவீட்டுக்கு வந்தவர் போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன ஐசே இது? பட்டு வேட்டிக்கு மேலை மழைக் கோட்டுப் போட்ட மாதிரிக் கிடக்கு."

"ஓடுதுதானே."

"ஓடுறதெண்டால் நாயும்தான் ஓடும்."

அவருடைய கார் தகப்பன் வைத்திருந்தது. தீவே காலியான நாட்களில், தகப்பனும் மகனுமாக எஞ்சினைக் கழற்றி, கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி, மாட்டுக்கொட்டிலுக்குள் புதைத்துவிட்டு ஓடினார்கள். திரும்பி வரும்போது தகப்பன் இல்லை. சில்லும் கதவும் இல்லாத கார் பனை வடலிகளுக்குள் கிடந்தது. எஞ்சின் மட்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுத்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. கண்ணாடி ஏற்றும் பிடி ஒன்றுக்காக மூன்று பஸ் மாறிக் குருநாகலுக்குப் போய் வந்த மனிதர் அவர். ஓடாத மணிக்கூடு ஒன்றை வாங்கிவந்து காரின் முகப்பில் பூட்டினார். பற்றரியில் ஓடுகிற ஒன்றை அதற்குள் வைத்துவிடலாமே என்று கேட்டதற்கு ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

இவ்வளவு ஆசையாகக் கட்டிய காரை அவர் ஒருநாள்கூடத் தெருவில் ஓட்டியிருக்கவில்லை. எஞ்சினை வளவுக்குள் முடுக்கிக் கேட்பார், அவ்வளவுதான். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் தெருவுக்கு எடுப்பது என்று ஒரு பிடிவாதம். தகப்பன் ஓட்டிய காரை, தகப்பன் போன பாதையில், ஊர்காவற்றுறை இறங்குதுறை வரை ஒருமுறை ஓட்டிப் போகவேண்டும். அவர் கேட்டது அவ்வளவே. அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் கொஞ்சம் தணியும். நான் பகிடி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே பேச்சும் அதுதான்.

சனிக்கிழமைகளில் காருக்கு முழுக்கு நடக்கும். மேற்பூச்சை, குடிக்க வாங்கும் பவுசர் லொறித் தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பார். பிறகு காரைப் பனங்குற்றிகளில் ஏற்றி, கிணற்று மோட்டரைப் போட்டு, அடிப்பக்கம் முழுவதும் குழாயால் அடித்துக் கழுவுவார். காய்ந்தபின் தார் பூசுவார். என் கார் பிறந்ததற்கு அடிகழுவியதில்லை. அதன் எஞ்சினில் எண்ணெய் வேறு ஒழுகும்.

"உம்மடை கார் போற இடமெல்லாம் ஒண்டுக்கிருக்குது ஐசே. ஒரு மருந்து எடுமன்," என்பார்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், பின்மூடியின் பிணைச்சலை ஒட்டிக்கொண்டிருந்தபோது வெல்டிங் பொறி ஒன்று அவருடைய இடது செருப்புக்குள் விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. சீனி வியாதி பாதத்தின் உணர்ச்சியைக் கொண்டுபோய்க் கனகாலம். எரிந்த மணம் எங்கேயோ வருகிறது என்று மனைவிதான் வந்து பார்த்தார். செருப்பில் ஒரு ஓட்டை, காலில் ஒரு ஓட்டை. "செருப்புக்கு வந்தது காலோடை போச்சு," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு பாதம். பெரியாஸ்பத்திரியிலிருந்து அவர் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது இடது கால் முழங்காலுக்கு மேலே முடிந்திருந்தது.

அப்போது காரில் மிச்சம் இருந்தது இருக்கைகளுக்கு உறை தைப்பது மட்டும்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வரும். யார் மேல் என்று தெரியாத கோபம்.

அவருடைய மனைவி ஒருநாள் எங்கள் படலையடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அண்ணை, அந்தக் காரை அவர் ஓடக்கூடிய மாதிரி ஏதும் செய்ய ஏலாதோ? நீங்கள் உப்பிடியான வேலையள் செய்யிறனீங்கள்தானே."

செய்யலாம். அந்தக் காருக்குக் கியர்த் தடி ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கிறது. மோட்டார் சைக்கிளின் கிளச் பிடி ஒன்றை அந்தத் தடியிலேயே பூட்டி, அங்கிருந்து ஒரு கேபிளை அடியால் கொண்டுபோனால், இடது காலின் வேலையை இடது கை செய்யும். கேபிளைத் தாங்க, காரின் முதுகெலும்பான செசியில் ஒரு இரும்புத்துண்டை ஒட்டவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது மாற்றம். அவருடைய மதத்தில் மகா பாவம். பல நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு காலையில் ஊன்றுகோலோடு வந்து, "செய்யும். தேவைக்கு மேலை ஒரு ஓட்டையும் போடாதையும்," என்றார். அவரை மதம் மாற்ற வருடக்கணக்காக வாதாடியவன் நான். அன்றைக்குச் சந்தோசம் வரவில்லை.

அவர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் காருக்கடியில் படுத்துத் தாரைச் சுரண்டினேன். பிறகு கிரைண்டரைப் பிடித்தேன். இரும்பில் பிடித்தால் பொறி பறக்கவேண்டும். கொஞ்சம் பறந்தது, நின்றுபோனது. கிரைண்டர் உள்ளே போய்விட்டது. என் முகத்தில் செம்மண் மாதிரித் துருத் தூள் கொட்டியது. திருப்புளியால் குத்திப் பார்த்தேன், பிடிவரை இறங்கியது. ஒரு முழம் தள்ளிக் குத்தினேன், அங்கேயும் இறங்கியது. முன்னுக்கிருந்து பின்வரை செசிக்குள் இரும்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. காரின் தளமும் அப்படியே. தார்தான் அத்தனையையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

உதட்டில் பட்ட தூள் உப்புக் கரித்தது.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் முழுக்க உவர். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தானே மேற்பூச்சுக்குப் பவுசர்த் தண்ணீர் எடுத்தார். ஆனால் அடியைத்தான் தாரால் மூடியாயிற்றே, அங்கே எது பட்டால் என்ன என்று நினைத்துவிட்டார். உப்பு, செசியின் துவாரங்களால் உள்ளே போய்க் குடியிருந்தது. அதற்கு மேல் தாரைப் பூசிக் கதவையும் பூட்டிவிட்டார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இது அமிர்தமும் இல்லை, கிணற்றுத் தண்ணீர். எண்ணெய் ஒழுகும் என் ஊத்தைக் காரின் அடியோ, அதே எண்ணெய் ஊறிக் கல்லுப் போல் கிடந்தது.

வெளியே வந்தேன். அவர் கதிரையில் முன்னால் சாய்ந்தார். என் தலைமயிரில் கிடந்த தூளைப் பார்த்தார்.

"கழுவாமல் விட்டிருக்கலாம், என்ன?" என்றார்.

நான் கிரைண்டரின் வயரைச் சுற்றத் தொடங்கினேன். தூக்கினால் இரண்டாக முறியும் கார் அது. வேறு செசி கொண்டுவந்தாலும் அதன்மேல் வைக்கத் தளம் இல்லை. இதை நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

என் காருக்கு இரண்டு மிதிதான், வலது கால் போதும் என்ற யோசனை சில நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. கூப்பிட்டதும் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். இறங்குதுறை வரை ஓட்டினார். பகிடி ஒன்றும் விடவில்லை. அடுத்த நாள் பின்னேரம் தானாகவே வந்து, காரை முடுக்கத் திறப்பைக் கேட்டார். அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். சில நாள் வேலணை வரை போவோம். நெடுந்தீவு, நயினாதீவு என்று படகுக்கு ஓடும் சனத்தின் பஸ்களை முந்தும்போது ஹோர்ன் அடிப்பார். தகப்பனின் கார் இல்லைத்தான். என்றாலும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அந்த மாதங்கள் நல்ல மாதங்கள்.

இதற்கிடையில், அவருடைய கார் முடிந்த கதை யாழ்ப்பாணத்துக் கார்க்காரர்களின் போன் குழுவில் பரவிவிட்டது. கதவு தருவீர்களா, கிறில் தருவீர்களா என்று வரத் தொடங்கினார்கள். எல்லாவற்றையும் கொடுத்தார். எஞ்சினைக் கேட்டபோது மட்டும் படலையைச் சாத்தினார். அன்று பின்னேரம் வந்தவர் திறப்பைக் கேட்கவில்லை.

"என்ரை எஞ்சினையும் கியரையும் உம்மடை காருக்குள்ளை இறக்கும். கொம்பனியாலை வந்தபடி ஒரு காராவது இந்தத் தீவிலை நிக்கட்டும்."

"அப்ப உமக்கு? திரும்பக் கிளச் வந்திடும் ஐசே."

"கைக் கிளச் ஒண்டும் பூட்டாதையும், வந்தபடி எண்டால் வந்தபடிதான். நான் பக்கத்திலை இருப்பன்."

அவருடைய மனைவி திரும்பவும் படலையடிக்கு வந்தார். "செய்யாதேங்கோ அண்ணை. பின்னேரம் எப்ப வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கிற மனிசன்," என்றார். நானும் நாட்களைக் கடத்தினேன். எஞ்சின் தூக்கும் சங்கிலி இல்லை என்றேன். வெயில் கூட என்றேன். அவர் விடவில்லை. "அது என்ரை அப்பான்ரை எஞ்சின். ஆருக்கோ வித்துத் தேங்காய் திருவுற மெசினிலை பூட்டச் சொல்லுறீரோ?" என்று ஏசினார். மனைவியின் சொல்லைக் கேட்பதா, அவருடைய சொல்லைக் கேட்பதா? எஞ்சின் அவருடையது. நான் ஜப்பான்காரனை வெளியே எடுத்தேன்.

தகப்பனின் எஞ்சின் என் காருக்குள் முதல்முறை பிடித்தபோது அவர் அழுதுவிட்டார். நானும்தான். அன்றே இறங்குதுறைக்குப் போனோம். நான் ஓட்ட, அவர் இடதுபக்கம் இருந்தார். "இப்ப மாத்தும், இப்ப மாத்தும், கியரைக் கொல்லுறீர்," என்று வழிமுழுக்க ஏச்சு. திரும்பி வரும்போது ஏச்சு நின்றுவிட்டது. கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் கூப்பிட்டேன், தலையிடி என்றார். அதற்கடுத்த நாள் நித்திரை என்று மனைவி சொன்னார்.

கார் நன்றாக ஓடுகிறது. கொழும்பிலிருந்து வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

போன கிழமை அவருடைய குறுகிய ஒழுங்கைக்குள் கொண்டுபோய்ப் படலைக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு ஹோர்ன் அடித்தேன். ஊன்றுகோலோடு மெதுவாக வந்தார். மெலிந்திருந்தார். கோபம் இல்லை.

"எங்கடை ஒழுங்கையாலை இனி வராதையும் ஐசே. உந்தச் சத்தம் கேட்டால் வெட்டின கால் கிளச்சுக்குப் போகுது. இரவு முழுக்க நோகுது."

நான் எஞ்சினை நிறுத்தினேன். அவர் திரும்பி உள்ளே போனார். பிறகு நான் இறங்கி, கதவு நிலையில் தோளைக் கொடுத்து, காரைப் பின்பக்கமாகத் தெரு வரை தள்ளிக்கொண்டு போனேன்.